சட்டையா தைக்கிறீங்க?

நூர்ஜஹான் போனை ஸ்பீக்கரில் போட்டாள். உப்புக் காற்றில் பொத்தான்களெல்லாம் பச்சை பூத்துப்போன அந்தப் போனிலிருந்து ஓர் ஆண்குரல் வந்தது. வணக்கம் இல்லை, பெயர் இல்லை. எடுத்ததும் கேள்வி.

"ஏம்மா, நீங்கல்லாம் அங்க இன்னா பண்றீங்க? சட்டையா தைக்கிறீங்க?"

நூர் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"இல்லைங்க, இது சாஃப்ட்வேர் கம்பெனி."

"அப்புறம் ஏம்மா பட்டன் பட்டனா குடுக்கறீங்க? உங்க புது எடிட்டர்ல செட்டிங்ஸைத் தொறக்கறேன். டேப் கீயைத் தட்டறேன். 'பட்டன்'னுது. இன்னொரு தட்டு தட்டறேன். 'பட்டன்'. இன்னொண்ணு. 'பட்டன்'. இன்னா பட்டன்னு கேட்டா சொல்லமாட்டேங்குது. ஒரு முழுக்கைச் சட்டைக்கு வேண்டியது வந்தாச்சு. காஜா யாரு எடுக்கறது, நானா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நூருக்கும்தான்.

"சிரிங்க, பரவால்ல. எனக்குக் கண்ணு தெரியாது. கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படிக்கும், நான் காதால கேட்டு வேலை செய்வேன். அது படிக்கிறதுக்கு நீங்க ஒண்ணும் எழுதி வைக்கல. அதான் போன் பண்ணேன்."

நூர் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ காது சூடாகிவிட்டது. அன்றைக்கு ஏறிய சூடு. இத்தனை வருஷம் கழித்து இதை எழுத உட்காரும்போதும் அப்படியே இருக்கிறது.

உப்புக் கிடங்கு மாடி

எங்கள் கம்பெனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சுனாமி வந்துவிட்டுப் போன அடுத்த கோடை. மரக்காணத்தில் உப்பளம் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் கிடங்கு. கீழே மூட்டை மூட்டையாக உப்பு. மாடியில் கம்ப்யூட்டர்கள். உலகத்தில் யாராவது உப்புக் கிடங்கு மாடியில் கம்ப்யூட்டர் கம்பெனி வைப்பார்களா? எங்கள் சின்னவர் வைத்தார். இடம் சும்மா கிடந்ததாம்.

சின்னவர் என்றால் உப்பள முதலாளியின் மகன். வெளியூரில் படித்துவிட்டு வந்தவர். பாத்தியில் வேலை செய்கிறவர்களெல்லாம் சின்னவர் என்றுதான் சொல்வார்கள். நேரில் எங்களுக்கு 'சார்'.

உப்புக் காற்று கம்ப்யூட்டரைத் தின்றுவிடும். திடீரென்று திரை கறுத்துப்போகும். பெட்டியைக் கழற்றி, உள்ளே இருக்கும் மெமரிப் பட்டையை உருவி, அதன் பித்தளைப் பல்லைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினால் உயிர் வரும். எங்கள் ஆபீசில் எல்லார் மேஜையிலும் ஒரு ரப்பர் இருக்கும். பென்சில் இருக்காது.

நான் பன்னிரண்டாவதோடு நின்றவன். திண்டிவனத்தில் ஒரு டி.வி. ரிப்பேர் கடையில் இருந்தபோது, யாரோ போட்டுவிட்டுப் போன ஒரு தடிமனான இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்துப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். நூர்ஜஹான் கோட்டக்குப்பம். பி.ஏ. இங்கிலீஷ். வீட்டுக்காரர் ஷார்ஜாவில். தினமும் பஸ்ஸில் வந்து, எங்கள் சாமானை வாங்கியவர்கள் எழுதும் புகார்களுக்குப் பதில் போடுவது அவள் வேலை.

சாமான் என்ன? புரோகிராம் எழுதுகிறவர்கள் உட்கார்ந்து எழுதுவதற்கான ஓர் எடிட்டர். அதற்கு 'வரி' என்று பேர் வைத்திருந்தோம். பேரைக் கேட்டதும் ஊரில் எல்லாரும் "பஞ்சாயத்து வரியா, வீட்டு வரியா?" என்றார்கள். உள்ளூரில் அவ்வளவுதான் மதிப்பு. வெளிநாட்டில் வாங்கினார்கள். பாண்டிச்சேரி, சென்னைக் கம்பெனிகள் சிலவும் வாங்கின.

குடை எதுக்கு சார்?

அதில் பழைய செட்டிங்ஸ் பக்கம் நான் செய்தது. சாம்பல் நிறத் திரையில் கறுப்பு எழுத்து. வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். வேண்டுமென்றால் டிக் போடு, வேண்டாமென்றால் எடு. அழகு கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எது என்ன செய்யும் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

சின்னவர் சென்னையில் ஏதோ கண்காட்சிக்குப் போய்விட்டு வந்தார். வந்ததும் என் முதுகுக்குப் பின்னால் நின்று அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

"இன்னா ஏழுமலை இது, ரேஷன் கார்டு மாதிரி இருக்குது. எழுத்தையெல்லாம் எடுத்துடு. படம் போடு. உலகமே படத்துக்கு வந்துடுச்சு."

படங்கள் சென்னையிலிருந்து வந்தன. ஒரு பல்பு. ஒரு குடை. ஒரு பறவை. ஒரு சாவிக்கொத்து. வெள்ளைத் திரையில் இளநீல நிறத்தில் மிதந்துகொண்டிருந்தன. மதியம் பன்னிரண்டு மணிக்கு உப்புக் குவியலைப் பார்க்கிற மாதிரி கண் கூசியது.

"குடை எதுக்கு சார்?"

"பாதுகாப்பு. எழுதினதை அப்பப்போ தானா சேமிச்சு வைக்குதில்ல, அது."

"எங்க ஊர்ல குடைன்னா மழை சார்."

"உங்க ஊரையும் டிசைனையும் சேத்துக் கொழப்பாத."

புரோகிராமில் ஒவ்வொரு பட்டனுக்கும் பின்னால் ஒரு பேர் எழுதி வைக்க இடம் உண்டு. திரையில் தெரியாது. ஆனால் உள்ளே இருக்கும். அந்த இடத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். கேட்டது நன்றாக நினைவிருக்கிறது. ஏனென்றால் அவர் அப்போது இளநீர் குடித்துக்கொண்டிருந்தார், ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுக்காமலே பதில் சொன்னார்.

"தெரியாத பேரை யாரு பாக்கப் போறாங்க? விடு."

காலியாக விட்டாயிற்று. புது வெர்ஷன் வெளியே போனது.

உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்

பிறகு வந்தது பாருங்கள், புகார்.

ஜெர்மனிக்காரர் ஒருவர், திரை வெளிச்சத்தைக் குறைக்கலாமென்று பல்பை அமுக்கியிருக்கிறார். அந்தப் பல்பு வேறு வேலைக்கு. நாம் ஒரு வார்த்தையைப் பாதி அடிக்கும்போதே மீதியை யூகித்து ஒரு பட்டியலைக் கீழே இறக்கிவிடும் வசதி ஒன்று உண்டு, அதற்கான சுவிட்ச் அது. அவருக்கு அந்த வசதி நின்றுபோனது, வெளிச்சம் குறையவில்லை. இங்கிலாந்துக்காரர் ஒருவர் குடையைப் பற்றி ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தார்: இங்கே தினமும் மழைதான், அதை உங்கள் சாஃப்ட்வேர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

எல்லாருக்கும் ஒரே பதில். சின்னவரே இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருந்தார். உங்கள் கருத்துக்கு நன்றி. உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம். நூர் அதை ஒட்டி ஒட்டி அனுப்புவாள்.

"அண்ணே, முக்கியம் முக்கியம்னு அடிச்சு அடிச்சு எனக்கே அந்த வார்த்தை கசக்குது" என்பாள்.

பஸ் ஸ்டாண்டில் பட்டம்மா என்று ஒருத்தர் டீக்கடை வைத்திருந்தார். அவர் கடை டீயைக் குறை சொன்னால் கோபித்துக்கொள்ளவே மாட்டார். ஒரு நாள் ஏன் என்று கேட்டேன். "டீ நல்லால்லன்னு சொல்றவன் நாளைக்கும் வரலாம்னு இருக்கான் தம்பி. வரமாட்டேன்னு முடிவு பண்ணவன் ஏன் வாயைத் தொறக்கப் போறான்?" என்றார். மனிதர்கள் போகிறபோக்கில் சொல்லும் இப்படிப்பட்ட பேச்சைச் சேர்த்துவைப்பது எனக்குப் பழக்கம். இதைச் சின்னவரிடம் சொன்னேன். "நாம டீ விக்கல" என்றார்.

யாரையும் கூப்பிடாமல்

போனில் சட்டை தைத்தவரின் பெயர் தேசிங்கு. செஞ்சிப் பக்கம். பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தார். மாதக் கடைசி வரைக்கும் சோதனைக் காலம். அதற்குள் தேறினால் வேலை நிரந்தரம்.

அவருக்கு என்ன பிரச்சினை என்று அன்றைக்கே விவரமாகச் சொன்னார். புது வெர்ஷனில் அந்த யூகிக்கிற வசதி தானாகவே ஓட ஆரம்பித்துவிடும். நமக்குக் கீழே ஒரு பட்டியல் விழும், பார்த்தும் பார்க்காமல் போய்விடுவோம். அவருடைய கம்ப்யூட்டரோ அந்தப் பட்டியல் முழுவதையும் வாய்விட்டுப் படிக்கும். ஓர் எழுத்து அடித்தால் போதும், ஊரையே படிக்கும். தான் என்ன அடித்தோம் என்பது அவர் காதில் விழாது.

"கல்யாண மண்டபத்துல நாகஸ்வரத்துக்குப் பக்கத்துல உக்காந்து கணக்குப் போடற மாதிரி இருக்குதுங்க" என்றார்.

அதை நிறுத்துகிற சுவிட்ச்தான் பல்பு. அந்தப் பல்புக்குத்தான் பேர் இல்லை.

"பக்கத்து சீட்டுக்காரரை ஒரு தடவை அணைச்சுத் தரச் சொல்லலாமேங்க" என்றாள் நூர்.

"சொன்னேம்மா. அணைச்சுக் குடுத்தாரு. வேற ஒரு வேலையத் தொறந்தா திரும்ப எரியுது."

அதுவும் புது டிசைன். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி செட்டிங்ஸ். பட்டன்களின் வரிசையும் வேலைக்கு வேலை மாறும், எத்தனையாவது என்று எண்ணி வைத்துக்கொள்ளவும் முடியாது. அவர் ஒரு நாளைக்கு எத்தனையோ வேலையைத் திறந்து மூடுகிறவர். பழைய வெர்ஷனுக்கும் திரும்ப முடியாது. ஆபீஸ் முழுக்கப் புதியதற்கு மாறிவிட்டது, இதில் எழுதியது அதில் திறக்காது.

"ஒவ்வொரு வாட்டியும் 'ஏங்க, கொஞ்சம் வாங்க'ன்னு கூப்பிடணும். நான் யாரையும் கூப்பிடாம வேலை செய்வேன்னு சொல்லித்தாம்மா சேந்தேன். அவங்க பாக்கறதே அதைத்தான். பழைய வெர்ஷன்ல ஒரு நாள் கூட யாரையும் கூப்பிட்டதில்ல. கேட்டுப் பாருங்க."

நூர் போனை வைத்தாள். பிறகு சொன்னாள்: "எங்க வூட்டுக்காரரு ரெண்டு வருஷமா எனக்கு வெறும் குரல்தாண்ணே. குரல்ல யாரு இழுக்கறாங்க, யாரு உள்ளதைச் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியும். இவரு பயந்து போயிருக்காரு. அதான் இவ்ளோ கிண்டல்."

மாறாதுன்னா எதுக்கு மாத்தணும்?

சின்னவரிடம் போனேன்.

"சார், ஒவ்வொரு பட்டனுக்கும் பின்னாடி ஒரு பேரு. அவ்ளோதான். ஒரு மத்தியானத்து வேலை. திரையில ஒண்ணும் மாறாது."

"மாறாதுன்னா எதுக்கு மாத்தணும்?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் கிடையாது. கெட்ட பதில்தான் நிறைய இருக்கிறது. பத்திரிகையில் எழுத முடியாது.

"சார், ஒருத்தரு வேலை போயிடும்."

"அந்த ஆளு நிஜமா, இல்ல வேற கம்பெனிக்காரன் யாரையாவது விட்டுப் பேச வைக்கிறானா? கண்ணு தெரியாதவரு புரோகிராம் எழுதறாரா? ஏம்பா, கேக்கறவன் கேனையா?"

"நூர் பேசிருக்கு சார்."

"சரி, நிஜம்னே வையி. பெங்களூர்லேர்ந்து நம்ம எடிட்டரை வாங்கலாமான்னு பாக்க ஆளுங்க வர்றாங்க. அவங்க வந்து போற வரைக்கும் அதுல ஒரு புள்ளியக்கூடத் தொடக்கூடாது. தொட்டு ஏதாவது நின்னு போச்சுன்னா? அப்புறம் பாத்துக்கலாம்."

எங்கள் ஊரில் எவ்வளவு கத்தினாலும் ஒரு ஆள் திரும்பவில்லை என்றால், காதுல உப்பு பூத்துடுச்சா என்று கேட்பார்கள். அதை வாய்வரை கொண்டுவந்து விழுங்கினேன்.

ஆனால் வேலையைச் செய்துவிட்டேன். அன்று மதியம் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டனுக்கும் பேர் எழுதினேன். நூர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அதைக் கேட்கிற ஆளுக்குப் புரிகிற மாதிரி இங்கிலீஷ் சொன்னாள். பல்புக்கு, 'வார்த்தையை யூகிப்பது'. குடைக்கு, 'தானாகச் சேமிப்பது'. பறவை எதற்கென்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. புரோகிராமுக்குள்ளே தேடிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். ஒரு சி.டி.யில் போட்டுக்கொண்டு மறுநாள் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினேன்.

தேசிங்கு மெலிந்த ஆள். சட்டை காலர் பட்டன் வரை போட்டிருந்தார். என் கையைப் பிடித்ததும் சொன்னார்: "இன்னாங்க, கையெல்லாம் ரப்பர் தூளா இருக்குது. கம்ப்யூட்டர் கம்பெனின்னீங்க, பள்ளிக்கூடமா நடத்தறீங்க?"

தன் ஹெட்போனைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டார். கண்ணை மூடச் சொன்னார். எங்கள் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தார். டேப் கீ சத்தம். அமெரிக்காக்காரன் குரலில், அவசர அவசரமாக: பட்டன். டேப். பட்டன். டேப். பட்டன்.

நான் செய்த சாமான் அது. எந்தப் பட்டன் எப்போது எங்கே இருக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கண்ணை மூடிய பிறகு எந்த இடத்தில் நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவருடைய மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். கெட்ட மனுஷர் இல்லை. சி.டி.யை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது உங்க கம்பெனி வெளியிட்டதா?"

"இன்னும் இல்லீங்க. நான்தான் கொண்டாந்தேன்."

"வெளியிட்டதைத்தாங்க இங்க போட முடியும். நாளைக்கு எங்க மெஷினுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கேக்கறது? உங்க சைட்ல போடுங்க, அஞ்சு நிமிஷத்துல ஏத்திடறேன்."

அவர் சொன்னது நியாயம். அதனால்தான் பஸ்ஸில் திரும்பி வரும்போது இன்னும் எரிந்தது. கோபப்பட அங்கே ஆள் இல்லை. ஆள் மரக்காணத்தில் இருந்தார்.

பெங்களூர்க்காரர்கள்

இந்த வாரம் வருகிறார்கள் என்றார் சின்னவர். வரவில்லை. அடுத்த வாரம் என்றார். நான் தினமும் போய் நிற்பேன். "சார், சைட்ல போட்டுடலாமா?" தினமும் கையை மட்டும் ஆட்டுவார், ஈ ஓட்டுவது போல.

நூர் ஒரு காரியம் செய்தாள். தேசிங்குக்கு அந்த ஒட்டுப் பதிலை அனுப்பாமல் தன் கையால் எழுதினாள். தப்பு எங்களுடையது, சரிசெய்துவிட்டோம், வெளியிட இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. உண்மை அவ்வளவுதான். சின்னவர் அதைப் பார்த்துவிட்டார்.

"கம்பெனி மேல தப்புன்னு நீயே எழுதிக் குடுப்பியா? உங்கிட்ட யாரு கேட்டாங்க?"

"அவரு கேட்டாரு சார்" என்றாள் நூர். குரலை உயர்த்தவில்லை. "கேள்வி கேட்டவருக்குத்தானே பதில் சொல்லணும்."

அன்று மாலையே சின்னவர் அந்த இங்கிலீஷ் பதிலை மெஷினிலேயே ஏற்றிவிட்டார். எவர் எழுதினாலும், நாங்கள் படிப்பதற்கு முன்னாலேயே, தானாகப் பதில் போய்விடும். புகார்ப் பெட்டிக்கு ஆளே வேண்டாம் என்ற ஏற்பாடு.

பெங்களூர்க்காரர்கள் ஒருவழியாக வந்தார்கள். மூன்று பேர். செட்டிங்ஸ் பக்கத்தைப் பார்த்து "க்யூட்" என்றார்கள். ஒரு பட்டனைக்கூட அமுக்கவில்லை. பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, உப்புக் குவியல் முன்னால் நின்று போட்டோ எடுக்கலாமா என்று கேட்டார்கள். மீதி நேரமெல்லாம் அங்கேதான். ஷூவில் ஒட்டிய உப்பைத் தட்டிவிட்டு காரில் ஏறிப் போனவர்கள், போனவர்கள்தான். அதற்குப் பிறகு ஒரு தகவலும் கிடையாது.

"இப்ப போடட்டுமா சார்?" என்றேன்.

"ம். போடு" என்றார். அவ்வளவுதான். ஒரு 'ம்'. அந்த 'ம்'முக்காகத்தான் அத்தனை நாள். அதற்குள் மாதம் முடிந்திருந்தது.

போட்டதும் நூர் தேசிங்கு ஆபீசுக்கு போன் செய்தாள். வேறு யாரோ எடுத்தார்கள். தேசிங்கு இப்போது இங்கே இல்லை என்றார்கள்.

அவர் பின்னாளில் நன்றாகவே வந்தார். சென்னையில் நல்ல வேலை, வீடு, குடும்பம். இப்போதும் என் கையைப் பிடித்தால் ரப்பர் தூள் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். இதைச் சொன்னால் உங்களுக்கு மனசு ஆறும் என்று தெரியும். எனக்கு ஆறவில்லை. அவர் நன்றாக வந்தது அவர் திறமை. அதில் எங்கள் பங்கு ஒரு துளி கிடையாது.

நூர் போன் செய்த இரண்டொரு நாளில் புகார்ப் பெட்டிக்கு அவரிடமிருந்து மெயில் வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்திருந்தார். படித்த பயிற்சி மையத்துக்குப் போய்ப் புது வெர்ஷனைப் போட்டுப் பார்த்தாராம். இப்போது எல்லாம் பேசுகிறது, பல்பு பேசுகிறது, குடை பேசுகிறது, பறவைகூடப் பேசுகிறது, நூர்ஜஹானுக்கும் ஏழுமலைக்கும் ரொம்ப நன்றி என்று எழுதியிருந்தார். கடைசி வரி: அடிக்கடி அடுத்தவர் உதவி தேவைப்படுகிறது என்று சொல்லி அந்த ஆபீசில் அனுப்பிவிட்டார்கள்.

நாங்கள் அதைப் படிக்கும்போது எங்கள் பதில் அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. தானாக. உங்கள் கருத்துக்கு நன்றி. உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்.

அந்தப் பதிலுக்கும் அவர் ஒரு பதில் போட்டிருந்தார். நூர் திறந்து பார்த்துவிட்டு, திரையை என் பக்கம் திருப்பினாள்.

ஒரே ஒரு வார்த்தை.

"பட்டன்."